யூனிகார்னில் ஃபாக் லைட், ஹாரன், சார்ஜர்: வீட்டிலேயே வயரிங் பண்ணலாமா?

ஆழியாறு காத்து

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊரு பொள்ளாச்சி. வண்டி ஹோண்டா யூனிகார்ன், 2021 மாடல், பிஎஸ்6. எஸ்டேட் ஆபீஸ்கள்ல எடை மெஷின் சர்வீஸ் பண்ற வேலை, அதனால வாரத்துல பாதி நாள் வால்பாறை ரோட்டுலதான். 40 கொண்டை ஊசியும் பழகிப்போச்சு. அட்டகட்டி தாண்டி கவர்க்கல் பக்கம் பனி இறங்கிருச்சுன்னாத்தான் சிக்கல். ஹெட்லைட்டு 35 வாட் ஹாலோஜன். லோ பீம்ல ரோட்டோரம் தெரியறதில்ல, ஹை போட்டா வெளிச்சம் அப்படியே திரும்பி மூஞ்சியில அடிக்குது.

அதனால எல்இடி ஃபாக் லைட்டு ஒரு ஜோடி வாங்கிட்டனுங்க. டப்பாவுல 40 வாட்னு போட்டிருக்குது, ஒண்ணுக்கா ரெண்டுக்கும் சேத்தான்னு போடலை. கூடவே போன் சார்ஜர், ஜோடி விண்ட்டோன் ஹாரன். ரிலே (சின்ன சுவிட்சால பெரிய கரண்ட்டைத் திறந்து மூடற பெட்டி), சுவிட்சு, ஃபியூஸ் எல்லாம் சேர்ந்த ரெடிமேட் வயரிங் கிட் ஒண்ணும் ஆன்லைன்ல வந்தாச்சு.

கடையில கேட்டதுக்கு, ஹெட்லைட்டு டூமைக் கழட்டி ஹை பீம் வயரைச் சீவி அதுலயே முறுக்கி டேப் சுத்திரலாம், அரை மணி நேர வேலைங்கறார். சர்வீஸ் சென்டர்ல கேட்டா வயரிங்ல கை வெச்சா வாரண்டி இல்லங்கறாங்க. என்கிட்ட மல்டிமீட்டர் இருக்குது. எடை மெஷின்ல எடையை உணர்ற லோடு செல் வயரெல்லாம் நானேதான் சால்டர் பண்றேன். வண்டி வயரிங் மட்டும்தான் புதுசு. பேட்டரி மேல 12 வோல்ட், 4 ஏஹெச் (ஆம்பியர் அவர்)னு போட்டிருக்குது. இத்தனையும் தாங்குமா? கரண்ட் எங்கிருந்து எடுக்கறதுங்க?

சிட்டி கிக்கர்

ப்ரோ, எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டி. அதோட கம்ப்யூட்டர், ஈசிஎம் போச்சுன்னா பல ஆயிரம் செலவு. எதுக்கு வம்பு? வயரிங்கே வேண்டாம், ஹெட்லைட்ல எச்4 60/55 பல்பு போட்டுடுங்க. அடிப்பக்கம் லேசா ராவினா உக்காந்துக்கும். நான் அப்படித்தான் ஓட்டுறேன், வெளிச்சம் செமையா இருக்கு.

பழைய டைனமோ

தம்பி பொள்ளாச்சி, தாராளமா வீட்டுலயே பண்ணலாம். லோடு செல்லுல மில்லிவோல்ட் பாத்துப் பழகுன ஆளுக்கு இது பெரிய வித்தை இல்ல.

மேல தம்பி சொன்ன 60/55 பல்பை மட்டும் விட்டுருங்க. அந்த ரிஃப்ளெக்டர், ஹோல்டர், கப்ளர் எல்லாம் 35 வாட் சூட்டுக்குச் செஞ்சது. ஹை பீம்லயே கொஞ்ச நாள் ஓட்டுனா ஹோல்டர் பழுப்பாகும், அப்புறம் கப்ளர் இளகும், பல்பு மாத்தப் போறப்ப ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒண்ணா கையில வரும். ஒட்டன்சத்திரத்துல என் கடை டிராயரைத் திறந்தா அப்படி உருகுனதுக கிடக்கும். நம்பாத ஆளுகளுக்குக் காட்டத்தான் வெச்சிருக்கேன்.

தாங்குமான்னு கேட்டீங்க. 4 ஏஹெச் பேட்டரிங்கறது குடத்துத் தண்ணி. வண்டி ஓடறப்ப ஊத்தற குழாய், எஞ்சின் சுத்தறப்ப கரண்ட்டு தயாரிக்கற மேக்னட் காயில். லோடு தாங்குமான்னு காயிலைத்தான் கேக்கணும். மீட்டரை டிசி 20 வோல்ட்ல வெச்சு பேட்டரி முனையில பிடிங்க. சாவி ஆஃப்ல 12.6க்கு மேல இருக்கணும். ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டர் கொஞ்சம் குடுத்தா 13.8ல இருந்து 14.5க்குள்ள நிக்கணும். அது சரியா இருந்தா, புது லைட்டைத் தற்காலிகமா பேட்டரியில கோர்த்து, ஹெட்லைட்டு, பிரேக் லைட்டு, இண்டிகேட்டர் எல்லாத்தையும் எரியவிட்டுத் திரும்பப் பாருங்க. ஐட்லிங்லயே 13ல நின்னா கவலையே இல்ல. ஐட்லிங்ல 12.6க்குக் கீழ போயி, ஆக்சிலேட்டர் குடுத்தா ஏறுதுன்னா, வண்டி நிக்கறப்ப ஃபாக்கை அணைச்சுக்கங்க, சரியாப் போகும். முறுக்கியும் 13 ஏறலைன்னா அந்த லைட்டு உங்க வண்டிக்கு ஆகாது, திருப்பிக் குடுத்துருங்க.

டப்பா மேல போட்ட வாட்டை நான் எப்பவும் கணக்குல எடுக்கறதில்ல. மீட்டர் கம்பியை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்தி லைட்டோட ப்ளஸ் வயர்ல தொடரா கோர்த்துப் பாருங்க. ஒண்ணுக்கு 1.5 ஆம்பியர் வந்தா 18 வாட்டு. அவ்வளவுதான் அந்த லைட்டு.

இப்ப ஃபியூஸுக்கு வருவோம். எனக்கு வாய் வலிக்க வலிக்கச் சொல்ற விஷயம் இதுதான். ஃபியூஸ் லைட்டைக் காப்பாத்தும்னு பாதிப் பேரு நினைச்சுக்கிட்டிருக்காங்க. லைட்டு போனா போகட்டும், ஃபியூஸ் போடறது வயருக்காக. பேட்டரி ப்ளஸ்ல கிளம்பற சிவப்பு வயரு டாங்கி அடியில எங்கயோ உரசி, தோலு போயி ஃப்ரேமைத் தொட்டா, அந்தச் சின்ன பேட்டரியே வயரு சிவக்கற அளவுக்குக் கரண்ட்டைக் கொட்டும். மேல பெட்ரோல் இருக்கு. அதனால பேட்டரி ப்ளஸ்ல இருந்து ஒரு சாணுக்குள்ள ஃபியூஸ் இருந்தாகணும். உங்க ரெடிமேட் கிட்டை விரிச்சுப் பாருங்க, முக்காவாசிக் கிட்டுல ஃபியூஸ் ஹோல்டர் ரிலேவை ஒட்டி இருக்கும். பேட்டரியில இருந்து ரிலே வரைக்கும் இருக்கற வயருக்கு யாரு காவல்? அதை வெட்டி பேட்டரி பக்கம் கொண்டு வந்து போடுங்க. உங்க ரெண்டு லைட்டுக்கும் 5 ஆம்பியர் போதும், 7.5 போட்டாலும் 1 ஸ்கொயர் எம்எம் வயரு தாங்கிக்கும். பிளேடு ஃபியூஸ்ல 5 வெளிர் பழுப்பு, 7.5 நல்ல பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 30 பச்சை. கிட்டுல பச்சையைச் செருகி அனுப்பியிருந்தான்னா முதல்ல அதைப் பிடுங்கிக் கடாசுங்க. அது போறதுக்கு முன்னால வயரு போயிரும்.

கரண்ட்டு நேரா பேட்டரியில இருந்துதான். கம்பெனி வயரைத் தொடறது ஒரே காரியத்துக்கு, சாவி போட்டாச்சுன்னு ரிலேவுக்குச் சொல்றதுக்கு. ரிலே அடியில நம்பர் பொறிச்சிருக்கும். 30க்கு பேட்டரி ப்ளஸ், ஃபியூஸ் வழியா. 87ல இருந்து லைட்டு. 86க்கு சாவி லைன் (சாவி போட்டா மட்டும் கரண்ட்டு வர்ற வயரு), நடுவுல உங்க சுவிட்சு. 85 எர்த். ரிலே காயிலுக்கு 0.2 ஆம்பியர் கூடப் போகாது, அதனால ஹேண்டில்பார்ல சின்ன சுவிட்சே போதும். 87ஏன்னு நடுவுல இன்னொரு கால் இருந்தா அதைச் சும்மா விட்டுருங்க. அதுல மாட்டினா சுவிட்சு ஆஃப்ல லைட்டு எரியும்.

கடைக்காரர் சொன்ன மாதிரி ஹை பீம்ல முறுக்கினா, 35 வாட்டுக்குப் போட்ட வயர்லயும் சுவிட்சுலயும் இந்த லோடும் சேர்ந்து போகும். அது கூடப் பரவால்ல. ஹை பீம் எரிஞ்சாத்தானே ஃபாக் எரியும்? பனியில ஹை பீம் ஆகாதுன்னுதானே நீங்க லைட்டே வாங்குனீங்க!

சாவி லைனுக்கு எந்த வயரையும் சீவாதீங்க. ஃபியூஸ் பாக்ஸ்ல செருகற ஃபியூஸ் டேப்னு ஒண்ணு வருது, அதுல எடுங்க. எஃப்ஐ, பம்ப்புக்குப் போற ஃபியூஸை மட்டும் தொட வேண்டாம். நிறம் சொல்றேன், ஆனா நிறத்தை நம்பி வேலை செய்யாதீங்க: ஹோண்டாவுல பொதுவா சிவப்பு பேட்டரி, கறுப்பு சாவி லைன், பச்சை எர்த். யமஹாவுல கறுப்புதான் எர்த், சாவி லைன் பிரவுன். யூடியூப்ல யமஹா வீடியோ பாத்துட்டு ஹோண்டாவுல கறுப்பைக் கொண்டுபோயி ஃப்ரேம்ல மாட்டிட்டு, வண்டியைத் தள்ளிக்கிட்டு வர்றவங்க உண்டு. சாவி ஆன்ல 12, ஆஃப்ல 0 காட்டணும். மீட்டர்ல பாத்துட்டு மாட்டுங்க.

சார்ஜரை நேரா பேட்டரியில குடுக்காதீங்க. போன் மாட்டாதப்பவும் அதுல நீல லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். 20 மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சா 4 ஏஹெச்சுக்கு 200 மணி நேரம், எட்டு நாள். செல்ஃப் அதுக்கு ரொம்ப முன்னாடியே மக்கர் பண்ணிரும். ஒரு ஆம்பியர் சொச்சம்தானே, அதே ஃபியூஸ் டேப்புல 3 ஆம்பியர் போட்டு எடுத்துக்கங்க. ரிலே காயிலும் அதுலயே போகட்டும்.

ஜோடி விண்ட்டோன் 8, 10 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். தனி ரிலே, தனி 15 ஆம்பியர் ஃபியூஸ், 1.5 ஸ்கொயர் வயரு. கம்பெனி ஹாரனுக்கு வர்ற ரெண்டு வயரையும் கழட்டி ரிலேயோட 85, 86ல அப்படியே மாட்டிருங்க, ஒரு வெட்டும் வேண்டாம், வண்டியை விக்கறப்ப பழையபடி போட்டுக்கலாம். ஆனா ஒண்ணு கேக்கறேன், யானையும் வரையாடும் நிக்கற ரோட்டுக்கு எதுக்குத் தம்பி ஜோடி ஹாரன்? ஒண்ணு போதும். மாத்தி மாத்தி ராகம் போடற ஹாரன்னா சுத்தமா வேண்டாம், மத்திய மோட்டார் வாகன விதி 119ல அதுக்குத் தடையே இருக்கு.

கடைசியா, நீங்க நல்லா சால்டர் பண்ணுவீங்கங்கறதுதான் இங்க இடைஞ்சல். வண்டியில சால்டர் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள்ள ஏறி அந்த இடம் விறைச்சுக்கும். வண்டி அதிர அதிர, ஈயம் ஏறி முடியற எல்லையில, தோலுக்கு உள்ள ஒடியும். வெளிய பாத்தா வயரு முழுசா இருக்கும், உள்ள ஒரு இழையில தொங்கிக்கிட்டிருக்கும். 6.3 எம்எம் திம்பிள் (வயரு நுனியில மாட்டற உலோக முனை) வாங்கி, நல்ல கிரிம்பிங் கட்டிங்பிளேயர்ல அழுத்தி, இழுத்துப் பாத்து, மேல ஹீட் ஸ்லீவ் (சூடு பட்டா சுருங்கி இறுகற குழாய்) போடுங்க. கறுப்பு டேப் சித்திரை வெயில்ல பசை வழிஞ்சு அவுந்துரும்.

மேக மூட்டம்

டைனமோ அண்ணே, நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் கிளாசிக் 350ல இதே மாதிரி ஃபாக் போட்டிருக்கு, கடையில போட்டது. வலது லைட்டு மட்டும் மங்கல். லைட்டை மாத்திப் போட்டுப் பாத்தாச்சு, அப்பவும் வலது பக்கம் எது இருந்தாலும் மங்கல்தான். கடையில வயரிங்கையே முழுசா மாத்தணும்கறாங்க.

பழைய டைனமோ

முழுசா எதுக்கு? லைட்டை எரியவிட்டு, மீட்டரோட கறுப்புக் கம்பியை பேட்டரி நெகட்டிவ்ல வைங்க, சிவப்புக் கம்பியை வலது லைட்டோட நெகட்டிவ் வயர்ல வைங்க. ரெண்டுமே எர்த்தானே, 0.1, 0.2க்கு மேல காட்டக் கூடாது. ஒரு வோல்ட், ரெண்டு வோல்ட்னு காட்டுச்சுன்னா எர்த் கெட்டிருக்குன்னு அர்த்தம். எர்த் சரியா இருந்தா அதே மாதிரி ப்ளஸ் பக்கம், பேட்டரி ப்ளஸ்ஸுக்கும் லைட்டு ப்ளஸ்ஸுக்கும் நடுவுல பாருங்க. எந்தப் பக்கம் வோல்ட் காட்டுதோ அந்தப் பக்கம்தான் கோளாறு.

மேக மூட்டம்

எர்த் பக்கம் 1.9 காட்டுது! பிரிச்சுப் பாத்தா நெகட்டிவ் வயரை கிராஷ் கார்டு போல்ட்டுக்கு அடியில வாஷரோட சொருகியிருக்காங்க. கார்டு பூராம் பவுடர் கோட்டிங்.

பழைய டைனமோ

அதான். பெயிண்ட்டு மேல கரண்ட்டு எப்படிப் போகும்? போல்ட்டு மரை வழியா ஏதோ கொஞ்சம் தொட்டுக்கிட்டு எரிஞ்சிருக்கு. சுரண்டி அங்கேயே மாட்டாதீங்க, மழைக்குத் துருப்பிடிச்சுத் திரும்ப வரும். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து ஒரு வயரு தனியா இழுத்து ரெண்டு லைட்டுக்கும் குடுத்துருங்க. பொள்ளாச்சித் தம்பி, உங்களுக்கும் இதேதான்.

ஆழியாறு காத்து

அண்ணா, ரொம்ப நன்றிங்க. லைட்டை அளந்து பாத்தேன், ஒண்ணு 1.4 ஆம்பியர், அப்ப 40 வாட்டுங்கறது ரெண்டுக்கும் சேத்தே வரலை. எல்லாத்தையும் எரியவிட்டு ஐட்லிங்ல 13.1, முறுக்கினா 14.2. ஹாரன் ஒண்ணு போதும்னு முடிவு பண்ணிட்டனுங்க. கிட்டுல நீங்க சொன்ன மாதிரியே பச்சை ஃபியூஸ்தான்!

ஒரு சந்தேகம். கிட்டு வயர்ல சிவப்புத் தோலைச் சீவினா மேல செம்பு நிறமா இருக்குது. பிளேடுல இழையைச் சுரண்டினா உள்ள வெள்ளையா வருது. தகரமா? அப்புறம் ரிலே ஆஃப் ஆகறப்ப காயில்ல இருந்து ஸ்பைக் வரும்னு படிச்சிருக்கேன், எஃப்ஐ வண்டிக்கு அது ஆபத்துங்களா?

பழைய டைனமோ

உள்ள இருக்கறது அலுமினியம். மேல செம்பு முலாம். செம்பை விட கரண்ட்டு கம்மியாத்தான் போகும், திம்பிள்ல அழுத்துன இடம் நாளடைவுல தளரும், சின்னக்கல்லாறு மழைக்கு வெள்ளையா பூத்து நொறுங்கும். ரிலே, சுவிட்சை மட்டும் வெச்சுக்கிட்டு வயரைத் தூரப் போடுங்க. மீட்டர் கணக்குல ஆட்டோ வயரு 1 ஸ்கொயர் எம்எம் சிவப்பும் கறுப்பும் வாங்கிக்கங்க. வாங்கறப்பவே நுனியைச் சுரண்டிப் பாருங்க, கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

ஸ்பைக் விஷயம் சரிதான். காயிலை அணைச்ச நொடியில எதிர்ப்பக்கமா வோல்ட் எகிறும். உடனே ஈசிஎம் புகையும்னு இல்ல, ஆனா அஞ்சு ரூபாய்ல தடுக்கறதை எதுக்கு விடணும்? 1என்4007 டயோடு (ஒரு பக்கமா மட்டும் கரண்ட்டை விடறது) ஒண்ணை 85க்கும் 86க்கும் குறுக்க போடுங்க, வெள்ளைக் கோடு இருக்கற பக்கம் ப்ளஸ், அதாவது 86. மாத்திப் போட்டா சுவிட்சு போட்ட உடனே ஃபியூஸ் போயிரும், அப்பத் தெரிஞ்சுக்குவீங்க. டயோடு உள்ளேயே வெச்ச ரிலேயும் வருது, மேல படம் போட்டிருக்கும். டயோடு இருக்கற ரிலேன்னா ஹாரன் வயர்லயும் எது ப்ளஸ்னு மீட்டர்ல பாத்துட்டு 86ல மாட்டணும்.

வேலையை ஆரம்பிக்கறப்ப பேட்டரியில நெகட்டிவை முதல்ல கழட்டுங்க, மாட்டறப்ப அதைக் கடைசியா மாட்டுங்க. ப்ளஸ்ஸை முதல்ல கழட்டப் போயி ஸ்பேனர் ஃப்ரேம்ல பட்டுச்சுன்னா தீபாவளிதான்.

வயரைக் கம்பெனி வயரிங் போற பாதையிலயே கூட்டிட்டுப் போங்க, கருகேட்டட் குழாய்க்குள்ள விட்டு. எஞ்சின் ஹெட்டு, சைலன்சர் பெண்டு பக்கம் வேண்டாம். ஹேண்டில் திரும்பற கழுத்துகிட்ட மட்டும் இழுத்துக் கட்டாதீங்க. ஹேண்டிலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடிச்சு, வயரு விறைக்குதா, ஸ்டாப்பருக்கு நடுவுல சிக்குதான்னு விரலை விட்டுத் தடவிப் பாருங்க. உங்க ரோட்டுல 40 வளைவு, கழுத்துலதான் எல்லா வயரும் சாகும்.

டீத்தூள்

நான் வால்பாறைக்காரன். வயரிங் பத்தி டைனமோ சார் சொன்னதுக்கு மேல ஒண்ணும் இல்ல. லைட்டு கட்டற உயரம் பத்தி மட்டும் சொல்றேன். ஹேண்டில்பார் கிட்டயோ ஹெட்லைட்டுக்கு மேலயோ கட்டாதீங்க, உங்க கண்ணுக்குப் பக்கத்துல இருந்து அடிக்கற வெளிச்சம் பனியில பட்டு நேரா உங்ககிட்டதான் வரும். கிராஷ் கார்டுல எவ்வளவு கீழ முடியுமோ அவ்வளவு கீழ. மஞ்சளா வெள்ளையான்னு கடையில மணிக்கணக்கா பேசுவாங்க, என்னைக் கேட்டா உயரமும் சாய்வும் சரியா இருந்தா வெள்ளையும் வேலை செய்யும். சுவருக்கு நேரா அஞ்சு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, நீங்க மேல உக்காந்துக்கிட்டு, வேற ஒருத்தரை விட்டு சுவர்ல பாருங்க. வெளிச்சத்தோட மேல்விளிம்பு லைட்டு இருக்கற உயரத்தை விடக் கீழதான் விழணும். மேல போச்சுன்னா கீழ இறங்கி வர்ற பஸ் டிரைவர் கண்ணு கூசும், வளைவுல அவருக்குக் கண்ணு தெரியலைன்னா கஷ்டம் நமக்குத்தான்.

பனி இல்லாதப்ப அணைச்சிருங்க. கீழ ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி பிளெயின்ஸ்ல எரியவிட்டா ஃபைன் போட்டாலும் போடுவாங்க.

ஆழியாறு காத்து

எல்லாம் மாட்டியாச்சுங்க. லைட்டு கார்டோட கீழ்க் குழாயில. ரிலே ரெண்டும் சீட்டுக்கு அடியில டூல் கிட் பக்கத்துல. எல்லாம் எரியறப்ப லைட்டு முனையிலயே 12.9 இருக்குது, பேட்டரியில 13.1. சார்ஜர் மட்டும் இன்னும் மாட்டலை. மூடி ரப்பர் லூசா இருக்குது, மழையில தண்ணி போகுமோன்னு யோசனையா இருக்குதுங்க.

பழைய டைனமோ

ரெண்டு முனைக்கும் நடுவுல 0.2தான் விழுகுது, நல்ல வேலை. ரெண்டு ரிலேவையும் கால் கீழ பாத்த மாதிரி நிக்க வைங்க, மேல பாத்து வெச்சா வாட்டர் வாஷ்ல தண்ணி தேங்கும். பேட்டரி முனையில கொஞ்சம் வாசலின் தடவிருங்க.

சார்ஜரை ஹேண்டில்பார்ல வைக்காம, வயரை நீட்டி டாங்க் பேக்குக்குள்ள விட்டுருங்க. பேக் இல்லைன்னா சைடு கவருக்கு உள்ள. மழையில ஈரமான போன்ல சார்ஜ் வயரைச் சொருகினா சார்ஜருக்கு முன்னாடி போனோட வாய்தான் பச்சை பூத்துப்போகும்.